9 லட்சம் லீஸ்: வாங்குகிறவர் வீட்டுக்காரர்தானா?

கேள்வி: வேலை மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வருகிறோம். மேடவாக்கம் பக்கம் புதிதாகக் கட்டி முடித்த அபார்ட்மெண்டில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் பார்த்திருக்கிறோம். உரிமையாளர் துபாயில் இருக்கிறார். வீட்டைக் காட்டிய நிர்வாக நிறுவனம், "மாதம் 18,000 வாடகை, 1,80,000 அட்வான்ஸ். இல்லையென்றால் மூன்று வருட லீஸுக்கு 9 லட்சம், வாடகையே கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்பி வரும்" என்கிறது. அக்ரிமெண்ட் நிறுவனத்தின் பெயரில்தான் போடுவார்களாம். லீஸ்தான் லாபம் என்கிறார்கள் வீட்டில். எடுக்கலாமா?

பதில்: இந்த ஏற்பாட்டில் எடுக்காதீர்கள். லீஸ் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரரே எழுதிக்கொடுத்து, பணத்தைத் தன் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துகொடுத்தால் தாராளமாக எடுக்கலாம். உங்களிடம் பேசப்பட்டிருப்பது அது இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிறுவனம் உங்களிடம் 9 லட்சம் வாங்கும். துபாய்க்காரருக்கு மாதம் 18,000 வாடகை அனுப்பும். வருடத்துக்கு 2,16,000 ரூபாய், அதாவது உங்கள் பணத்தில் 24 சதவீதம். எந்த வங்கி டெபாசிட்டில் போட்டால் வருடம் 24 சதவீதம் வருகிறது? மூன்று வருடத்தில் வாடகையாகவே 6,48,000 போய்விடும். மிச்சம் 2,52,000. நீங்கள் காலி செய்யும்போது தர வேண்டிய 9 லட்சத்துக்கு, அடுத்து லீஸுக்கு வருகிறவர் தலையில்தான் கை வைக்க வேண்டும். புது ஆள் வருவது நின்றால் முதலில் துபாய்க்கு வாடகை போவது நிற்கும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் உங்கள் கதவைத் தட்டுவார். "9 லட்சம் கொடுத்திருக்கிறோமே" என்றால், "என்னிடம் கொடுத்தீர்களா?" என்பார். அவர் கேட்பதிலும் தவறில்லை. சென்னையில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மத்திய குற்றப் பிரிவுக்கு நடையாய் நடக்கிறார்கள். வழக்குப் பதிவாகும், கைதும் நடக்கும். பணம் மட்டும் வந்து சேராது.

சட்டப்படி உங்கள் நிலை என்ன? இந்த மாதிரி நிறுவனங்கள் பெரும்பாலும் உரிமையாளரிடம் 11 மாத வாடகை ஒப்பந்தம்தான் வைத்திருக்கும். அப்படியானால் அந்த நிறுவனமே ஒரு வாடகைதாரர், நீங்கள் உள்வாடகைக்காரர். வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. அந்த 11 மாத ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். "அது எங்கள் உள் விவகாரம்" என்று பதில் வந்தால் அன்றோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வீடு பிடித்திருக்கிறது என்றால் உரிமையாளரை நேரடியாகப் பிடிக்கப் பாருங்கள். அவரிடம் மூன்று விவரம் கேளுங்கள்: பத்திரத்தின் ஆவண எண், பதிவான ஆண்டு, சார்பதிவகத்தின் பெயர். பதிவுத்துறை இணையதளத்தில் இவற்றைப் போட்டால் வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலை, இலவசமாகவே பார்க்கலாம். கட்டி முடித்த கையோடு வாடகைக்கு வரும் ஃபிளாட்டில் ஒரு சிக்கல் உண்டு. பில்டர் சாவியைக் கொடுத்திருப்பார், பத்திரம் இன்னும் பதிவாகியிருக்காது. வில்லங்கத்தில் பில்டர் பெயரோ பழைய நிலத்துக்காரர் பெயரோதான் இருக்கும். அப்படி இருந்தால் பதிவு முடியும்வரை ஒரு ரூபாய்கூட கொடுக்க வேண்டாம்.

அடமானம் இருக்கிறதா என்றும் அதிலேயே தெரியும். புது ஃபிளாட் என்றால் வீட்டுக்கடன் இருக்கத்தான் செய்யும். மாத வாடகைக்குப் போகிறவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 9 லட்சத்தை மொத்தமாகக் கொடுக்கிறவர் வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் கையெழுத்துப் போடக்கூடாது. தவணை நின்று வீடு ஏலத்துக்கு வந்தால், பதிவு செய்யாத லீஸ் ஒப்பந்தத்தை வங்கி சட்டை செய்யாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் என்று வைத்தால் 9 லட்சத்துக்குச் சுமார் 18,000 ரூபாய். இந்தச் செலவை மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லித்தான் ஏஜென்ட் முத்திரைத்தாளில் டைப் அடித்து நோட்டரி சீல் குத்திக் கொடுப்பார். நோட்டரி சீல் பதிவு ஆகாது.

உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் அவருடைய அண்ணனோ மைத்துனரோ பவர் பத்திரத்தோடு (அவர் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) வரலாம். அந்தப் பத்திரத்தை முழுசாகப் படியுங்கள். வாடகைக்கு விடவும், அட்வான்ஸ் வாங்கி ரசீது தரவும் அதிகாரம் தருவதாகத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கடன் வாங்கும்போது வங்கிக்காக எழுதிய பவரையே எல்லாவற்றுக்கும் நீட்டுகிறவர்கள் உண்டு. துபாயில் எழுதியது என்றால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பமும், இங்கே வந்தபின் முத்திரைக் கட்டணம் செலுத்திய குறிப்பும் அதில் இருக்கும். எழுதிக்கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செல்லாது. வீடியோ அழைப்பில் உரிமையாளரிடமே ஒருமுறை பேசிவிடுங்கள். ஏஜென்ட் பக்கத்தில் இல்லாமல்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாடகை கொடுத்தால் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் வாடகைக்காரர்தான். உள்ளூர் வீட்டுக்காரர் என்றால் வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் உங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு இந்த வேலை. வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பிடிக்க வேண்டும். விகிதம் 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2. உங்கள் 18,000 வாடகையில் 5,616 ரூபாய் அரசுக்கு, 12,384 ரூபாய் வீட்டுக்காரருக்கு. இதற்கு உங்கள் பான் எண் போதாது. வரி பிடித்தம் செய்வோருக்கான டான் எண் வாங்கி, மாதாமாதம் கட்டி, காலாண்டுக்கு ஒருமுறை கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வட்டியும் அபராதமும் உங்கள் பெயரில்தான் வரும், துபாய்க்காரருக்கு வராது. 18,000 ரூபாய் வாடகை கொடுக்கும் குடும்பத்தின் தலையில் ஒரு கம்பெனி கணக்காளரின் வேலையைக் கட்டியிருக்கிறார்கள், அதைச் சொல்லித்தர ஒரு ஆளும் கிடையாது. சம்பளத்தில் வரும் வாடகைப்படிக்கு வரி விலக்கு கேட்டு வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்கும்போதுதான் பலருக்கு இது வெளியே வருகிறது. ஆகவே முன்கூட்டியே கேளுங்கள்: வருமான வரிக் கணக்கில் அவர் தன்னை என்ஆர்ஐ என்று காட்டுகிறாரா? ஆம் என்றால், குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித்துறையிடம் அவர் சான்றிதழ் வாங்கித் தரலாம். அதுவரை முழு விகிதம்தான். "முழு வாடகையும் கைக்கு வர வேண்டும்" என்று அவர் அடம்பிடித்தால் வேறு வீடு பாருங்கள்.

அட்வான்ஸ் விஷயம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது 2017 சட்டம். கூடவே "வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்று ஒரு வாலையும் ஒட்டியிருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் நகரம் முழுக்கப் பத்து மாத அட்வான்ஸ் ஓடுகிறது. பேரம் பேசி ஐந்து, ஆறு மாதத்துக்குக் கொண்டுவரப் பாருங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைக் கழிப்பது வழக்கம் என்பார்கள். சுண்ணாம்பு, பெயிண்ட் எல்லாம் சட்டத்தின் பட்டியலில் வீட்டுக்காரரின் பொறுப்பு. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடும் அச்சடித்த அக்ரிமெண்டில் அந்தக் கழிவு ஏழாவதோ எட்டாவதோ வரியில் உட்கார்ந்திருக்கும். அதை அடித்துவிட்டு இருவரும் பக்கத்திலேயே கையெழுத்திடுங்கள்.

ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிந்து பதிவு எண் வாங்க வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். சார்பதிவகப் பதிவு வேறு, இது வேறு. ஏன் இரண்டு இடம் என்று கேட்காதீர்கள். "இதெல்லாம் யார் செய்கிறார்கள்" என்று ஏஜென்ட் சிரிப்பார். நாளைக்கு அட்வான்ஸ் வராமல் வழக்கு என்று போனால், பதியாத ஒப்பந்தத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

புதுக் கட்டடம் என்பதால் மின் இணைப்பையும் பாருங்கள். பணி நிறைவுச் சான்று வாங்காத கட்டடத்தில் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பே ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்கு யூனிட் விலை அதிகம், வீடுகளுக்குத் தரும் இலவச யூனிட்டும் கிடைக்காது. உங்கள் ஃபிளாட்டுக்குத் தனி மீட்டரும் தனி இணைப்பு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, கடைசி பில்லின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கேட்டு ஏஜென்ட் நெருக்குவார், "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருகிறார்கள்" என்பார். வரட்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 5,000 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். அதுவும் ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்குள்ள வாடகையை வாங்க என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். அனுப்புவதற்குமுன் அதில் வரும் பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.