டிசம்பர் காப்ளரில் ஏன் தண்ணீர் நிற்கிறது?

கேள்வி: அட்லாண்டாவில் இருக்கிறோம். ஜூன் மாதம் பீச் காப்ளர் (பழத்தின் மேல் மாவு போட்டு ஓவனில் வேகவைக்கும் இனிப்பு) நன்றாக வந்தது. டிசம்பரில் ஃப்ரோசன் பீச் போட்டு அதே அளவில் செய்தேன். பழம் தண்ணீரில் மிதக்கிறது; மேல்மாவு மேலே சிவந்திருக்கிறது, அடியில் பச்சை மாவாகவே இருக்கிறது. கார்ன்ஃப்ளார்கூட ஒரு ஸ்பூன் கூடுதலாகவே போட்டேன். வருடம் முழுக்க காப்ளர் செய்ய வழியே இல்லையா? – ஒரு வாசகி

பதில்: இருக்கிறது. முதலில் அந்தக் கார்ன்ஃப்ளார் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். நம்மூரில் கார்ன்ஃப்ளார் என்றால் வெள்ளை வெளேரென்று, நைஸாக இருக்கும் ஸ்டார்ச். அமெரிக்கக் கடையில் அதே பெயரில் விற்பது மக்காச்சோளத்தை முழுசாக அரைத்த மாவு. அதை எத்தனை ஸ்பூன் போட்டாலும் சாறு கலங்குமே தவிர, கண்ணாடிபோல் கெட்டியாகாது. இந்தியக் கடையில் வாங்கியிருந்தால் பிழைத்தீர்கள். எங்கே வாங்கினாலும் சேர்மானப் பட்டியலில் 'ஸ்டார்ச்' என்ற சொல் இருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்பதை யாரும் சரிசெய்யப் போவதில்லை. நாம்தான் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது பழம். உறையும்போது உள்ளே உருவாகும் பனிப் படிகங்கள் பழத்தின் திசுவைக் கிழித்துவிடுகின்றன. அதனால் உருகும்போது சாறு மொத்தமாக வெளியே வந்துவிடும். ஜூன் மாதப் பழம் அப்படி விடாது. ஆகவே 900 கிராம் பீச்சை முந்தின இரவே சல்லடையில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜில் உருகவிடுங்கள். வடிந்த சாற்றைக் கீழே ஊற்றாதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது. அடுப்பில் பாதியாகச் சுண்டவைத்து ஆறவிட்டு, 3 டேபிள்ஸ்பூன் ஸ்டார்ச், 100 கிராம் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு கலந்து பழத்தோடு பிரட்டுங்கள்.

மேல்மாவின் அடிப்பக்கம் வேகாததற்குக் காரணம், குளிர்ந்த பழத்தின் மேல் மாவை வைத்ததுதான். பழம் சூடேறுவதற்குள் மேல்பக்கம் சிவந்துவிடும். நீங்களும் வெந்துவிட்டதென்று இறக்கிவிடுவீர்கள். பழத்தை மட்டும் ஃபாயில் மூடி 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 190 செல்சியஸில், ஓரங்கள் கொதிக்கும்வரை வையுங்கள். சுமார் 20 நிமிடம் ஆகும். அந்தக் கொதிக்கும் பழத்தின் மேல்தான் மாவு விழ வேண்டும்.

மேல்மாவுக்கு: மைதா 180 கிராம், சர்க்கரை 50, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். 85 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் பட்டாணி அளவுக்கு உதிர்த்து, 150 மில்லி கெட்டி மோர் விட்டு ஒன்றுசேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் போலப் பிசைந்தால் கல்லாகிவிடும். நீர்மோர் வேண்டாம், தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்தது சரி. ஸ்பூனால் அங்கங்கே போடுங்கள், இடைவெளியில் ஆவி வெளியேறட்டும். ஃபாயில் இல்லாமல் இன்னொரு 30 நிமிடம். குறிப்புகளில் 'பொன்னிறமாகும்வரை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அதை நம்பாதீர்கள். நடுவில் சாறு கெட்டியாகக் கொப்பளிக்க வேண்டும். மேல்மாவின் உள்ளே தெர்மாமீட்டர் 200 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். இறக்கி அரைமணி நேரம் ஆறினால்தான் சாறு இறுகும்.

உருகவிட்டுச் செய்வதற்கு ஒரு விலக்கு உண்டு: புளூபெர்ரி. அதை உருகவிட்டால் தோல் வெடித்து நீலக் கூழாகிவிடும். பையிலிருந்து எடுத்த கையோடு, உறைந்தபடியே ஸ்டார்ச்சில் பிரட்டுங்கள். ஃபாயிலுக்குள் 20 நிமிடம் போதாது, 30 ஆகலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு ஓரம் கொதிக்கிறதா என்று பாருங்கள். மேல்மாவில் சோடா அளவு மீறினால் பழம் பட்ட இடமெல்லாம் பச்சை பூக்கும். பூசணம் இல்லை, நிறமி காரத்தில் மாறுவதுதான். சாப்பிடலாம், ஆனால் விருந்தாளி தட்டை நகர்த்திவிடுவார். மோர் சேர்க்காமல் பாலில் பிசைந்தால் சோடாவே வேண்டாம்.

டின்னில் வரும் 'பை ஃபில்லிங்' (பழப் பூரணம்) பக்கம் போகாதீர்கள். அதில் ஏற்கெனவே சர்க்கரையும் ஸ்டார்ச்சும் கெட்டியாகச் சேர்ந்திருக்கும், பழத்தைத் தேட வேண்டியிருக்கும். டின் பீச்தான் கதி என்றால், பாகில் போட்டதை விட்டு, பழச்சாற்றில் போட்டதை வாங்கி வடித்துவிடுங்கள். அது ஏற்கெனவே வெந்த பழம், சர்க்கரையைப் பாதியாக்குங்கள்.

அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் பீச் மே நடுவில் தொடங்கி ஆகஸ்டோடு முடிந்துவிடும். மார்ச்சிலும் அக்டோபரிலும் சாலையோரத்தில் கையெழுத்துப் பலகை வைத்து 'எங்கள் தோட்டத்து ஜார்ஜியா பீச்' என்று பெட்டி பெட்டியாக விற்பவர், மொத்தச் சந்தையில் எடுத்து வந்து உங்கள் தலையில் கட்டுகிறார். பெட்டியின் பக்கவாட்டு லேபிளைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சை மாற்றுவார். சீசனிலேயே வாங்கினாலும் சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். காம்புப் பக்கம் பச்சை இல்லாமல் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையாகப் பறித்த பீச் வீட்டில் மெத்தென்று ஆகும், இனிப்பு ஏறாது. பழுக்குமுன் ஃப்ரிட்ஜில் வைத்தால் சதை மாவாகப் போய்விடும்.

செப்டம்பரிலிருந்து ஆப்பிள், பிறகு பேரிக்காய். ஆப்பிளைக் கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஃபாயிலுக்குள் அரைமணி நேரம் வேகவிட்ட பிறகே மாவு போடுங்கள். சாறு குறைவு என்பதால் ஸ்டார்ச் ஒரு டேபிள்ஸ்பூன் போதும்.

மிஞ்சியதை மைக்ரோவேவில் சூடாக்கினால் மேல்மாவு சவசவத்துப் போகும். 350 ஃபாரன்ஹீட் ஓவனில் 15 நிமிடம் வையுங்கள்.