701 கோப்புகளும் ஒரு உளவு விமானமும்

அன்புள்ள ஐயா,

பறக்கும் தட்டுகளை அமெரிக்க விமானப்படை பல வருடம் விசாரித்து, 701 சம்பவங்களுக்கு விளக்கமே இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியென்றால் ஏதோ வந்திருக்கிறது, அரசு மறைத்துவிட்டது என்றுதானே பொருள்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

எண் சரிதான். திட்டத்தின் பெயர் புளூ புக். 1952 முதல் 1969 வரை ஓஹியோவின் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் நடந்தது. 1947-லிருந்து வந்த 12,618 புகார்களில் 701 மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை வெள்ளிக் கிரகம், எரிகல், பலூன், விமானம் என்று முடிந்தன.

மறைத்தார்களா? மறைத்தார்கள்தான், தங்கள் சொந்த விமானத்தை. யு-2 உளவு விமானம் 1955 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 20,000 அடிக்குக் கீழே பறந்த அந்தக் காலத்தில் இது 60,000 அடிக்கு மேலே போனது. கீழே பொழுது சாய்ந்த பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். வர்ணம் பூசாத வெள்ளி இறக்கையில் அது பட்டால், கீழே பறக்கும் விமானிக்கு நெருப்புத் துண்டு போலத் தெரியும். புளூ புக் அதிகாரிகள் புகார்களை யு-2 பறந்த நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக் காரணத்தைக் கண்டுகொண்டார்கள். கடிதம் எழுதிக் கேட்டவரிடம்தான் சொல்ல முடியவில்லை.

இதை 1997-ல் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வின் ஆய்விதழில் எழுதியவர் வரலாற்றாளர் ஜெரால்ட் ஹெய்ன்ஸ். ஐம்பதுகளின் பிற்பகுதி, அறுபதுகளின் புகார்களில் பாதிக்கு மேல் உளவு விமானங்கள்தான் என்ற கணக்கும் அதில் வருகிறது. அதை நான் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்வேன் (உளவுத்துறை தன் விமானத்தைப் பற்றிப் பேசுகிறது, இல்லையா). எப்படியும், புகார்கள் குவிந்த 1952-க்கு அது பொருந்தாது. அப்போது யு-2 பிறக்கவே இல்லை.

அந்த வருடம் ஜூலையில் வாஷிங்டன் ராடார்களிலேயே புள்ளிகள் தெரிந்தன, போர் விமானங்கள் கிளம்பின. வெப்பநிலை தலைகீழாக அமைந்த காற்றடுக்குதான் காரணம் என்றது விமானப்படை. 1953 ஜனவரியில் சி.ஐ.ஏ. கூட்டிய ராபர்ட்சன் குழுவுக்கு வேறு கவலை: புகார்கள் குவிந்து தகவல் தொடர்பை அடைத்தால், நிஜமாகவே எதிரி வரும்போது தெரியாமல் போகும். ஆகவே மக்களின் ஆர்வத்தைத் தணிக்கச் சொன்னது. அப்புறம் புளூ புக்கில் ஆராய்ச்சி குறைந்து சமாதானம் சொல்வது கூடியது என்பது என் கருத்து. 1966-ல் மிச்சிகனில் பலர் விளக்குகளைப் பார்த்தபோது, ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக் சதுப்பு நில வாயுவாக இருக்கலாம் என்றார். நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்களே, அதே சங்கதி. நாடே சிரித்தது. அந்த மாநிலத்தின் ஜெரால்ட் ஃபோர்டு, பின்னாளில் அதிபரானவர், நாடாளுமன்ற விசாரணை கேட்டார். அடுத்து எட்வர்ட் காண்டன் தலைமையில் கொலராடோ பல்கலைக்கழகம் ஆராய்ந்து, இதனால் அறிவியலுக்குப் பெரிய பயன் இல்லை என்றது. 1969 டிசம்பரில் கடையைக் கட்டினார்கள்.

சரி, அந்த 701? காவல் நிலையத்தில் துப்புத் துலங்காத வழக்கு இருந்தால், பேய் திருடியது என்று யாரும் எழுதுவதில்லை. அதற்காக எல்லாமே பிரமை என்றும் நான் சொல்லமாட்டேன். நிதானமான விமானிகளின் சாட்சியங்களும் அந்தக் கோப்புகளில் உண்டு. கோப்புகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கின்றன. காணொளிகளை விட்டுவிட்டு அதில் நாலைந்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்.