வீட்டில் பாட்டு கேட்கத் தனி மியூசிக் சர்வர் வாங்கப் போகிறேன், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: கையில் 600 சிடி இருக்கிறது, கொஞ்சம் டவுன்லோடு செய்த ஃபைல்களும் உண்டு, ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே நன்றாக இருக்கின்றன, ஆனால் பாட்டு கேட்க ஒவ்வொரு முறையும் கணினியைத் திறந்து உட்காரப் பிடிக்கவில்லை. நானும் இதே நிலையில் ஒரு மியூசிக் சர்வர், அதாவது பாட்டு ஃபைல்களைச் சேமித்து வைத்துப் பாடும் பெட்டி, வாங்கினேன், நான்கு வருடம் ஆசையாகக் கேட்டேன், அது செத்த அன்றைக்குத்தான் எதைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்று புரிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிடியைச் செருகினால் தானே ரிப் செய்துகொள்ளும், அதாவது பாட்டுகளை ஃபைல்களாக நகல் எடுத்துக்கொள்ளும் வகைப் பெட்டி அது. இரண்டு மாதம், தினமும் சாயங்காலம் ஏழெட்டு சிடியாகப் போட்டு, 400 சிடி வரை ஏற்றினேன், பெயர்கள் தப்பாக வந்த இடங்களிலெல்லாம் அதன் ஆப்பிலேயே பொறுமையாகத் திருத்தினேன். பிறகு ஒருநாள் உள்ளே இருந்த போர்டு போய்விட்டது, அந்த மாடலுக்கு இனி உதிரி பாகம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது என்று கழற்றிக் கணினியில் மாட்டினால், வெறும் எண் போட்ட ஃபோல்டர்கள், அவற்றுக்குள் ட்ராக் 01, ட்ராக் 02 என்று வேவ் ஃபைல்கள். பாட்டு எல்லாம் அப்படியே இருந்தது, எது எந்தப் பாட்டு என்ற விவரம்தான் இல்லை. நான் திருத்திய பெயர்கள் அத்தனையும் பெட்டியின் சொந்த டேட்டாபேஸில் இருந்தன, அது பெட்டியோடு போயிற்று. மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருள் ஒலியைக் கேட்டே பாட்டை அடையாளம் காணும், அதை வைத்துப் பெரும்பகுதியை மீட்டேன், மீதியை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் எழுதினேன்.

ஆகவே கடைக்காரரிடமோ நிறுவனத்திடமோ நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தப் பெட்டி நாளைக்கே நின்றுபோனால், டிஸ்க்கைக் கழற்றி வேறு எதில் மாட்டினாலும் என் பாட்டெல்லாம் பெயரோடு இருக்குமா?" நீங்கள் திருத்தும் டேக் (பாட்டு, ஆல்பம், பாடகர் என்ற பெயர் விவரம்) ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். பெட்டிக்குள் இருப்பதை வீட்டு நெட்வொர்க் வழியாகச் சாதாரண ஃபோல்டராகத் திறந்து நகல் எடுக்க முடிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ரிப் செய்யும்போது ஃபார்மட் ஃப்ளாக் என்று வையுங்கள். 2001இல் வந்தது, யாருக்கும் சொந்தமில்லாத திறந்த ஃபார்மட், ஒரு பிட் கூட இழக்காது, டேக்கையும் ஒழுங்காகத் தாங்கும். வேவில் அந்த வசதி ஒப்புக்குத்தான், ஒரு மென்பொருள் எழுதியதை இன்னொன்று படிக்காமல் போகலாம். அளவுக் கணக்கும் பயப்படும்படி இல்லை: ஒரு மணி நேர சிடி அப்படியே எடுத்தால் சுமார் 635 எம்பி, ஃப்ளாக்கில் ஏறத்தாழ அதில் பாதியோ சற்று அதிகமோ ஆகும். உங்கள் 600 சிடியும் 250 ஜிபிக்குள் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். சிடியை விட நுணுக்கமான 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்கள் நிறைய வாங்கப் போகிறீர்கள் என்றால் மணிக்கு 1 ஜிபிக்கு மேல் போகும், அப்போதும் 1 டிபி தாராளம். பெரிய டிஸ்க் இருக்கிறது என்பதற்காக விலை கூடிய மாடலுக்குப் போக வேண்டாம்.

அப்புறம் ரிப்பின் தரம். இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, எனக்கு அது வருத்தம், ஏனென்றால் 600 சிடியை இரண்டாம் முறை ரிப் செய்ய எவருக்கும் மனசு வராது. கீறல் விழுந்த சிடியில் டிரைவ் தப்பாகப் படித்த இடத்தைச் சில பெட்டிகள் சத்தமில்லாமல் பூசி மெழுகிவிடும், மூன்று மாதம் கழித்து நடுப்பாட்டில் 'டிக்' என்று கேட்கும்போதுதான் தெரியும். அக்யுரேட்ரிப் என்று ஒரு முறை இருக்கிறது: நீங்கள் ரிப் செய்ததன் கணக்கை, அதே சிடியை உலகத்தில் மற்றவர்கள் ரிப் செய்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும், இரண்டும் பொருந்தினால் நிம்மதியாக அடுத்த சிடிக்குப் போகலாம். நீங்கள் பார்க்கும் பெட்டியில் இப்படி ஒரு சரிபார்ப்பு இல்லையென்றால், எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, டிபிபவர்ஆம்ப் என்ற மென்பொருள்களில் ஒன்றைப் போட்டுக் கணினியில் ரிப் செய்து பெட்டிக்கு நகல் எடுங்கள். கணினியைத் தொடப் பிடிக்கவில்லை என்கிறீர்கள், புரிகிறது. இது ஒரு முறை செய்கிற வேலை.

ஒலித்தரத்துக்கு வருகிறேன், இதில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. சர்வரின் வேலை ஃபைலைப் படித்து, பிட்டுகளை மாற்றாமல் டிஏசிக்கு, அதாவது டிஜிட்டலை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் கருவிக்கு, கொடுப்பது. அந்த வேலையைப் பிழையில்லாமல் செய்யும் எளிய பெட்டிக்கும், அதைப் போலப் பத்து மடங்கு விலையுள்ள பெட்டிக்கும் என் காதில் வித்தியாசம் கேட்டதில்லை. டிஏசி, ஆம்ப்ளிஃபையர், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பீக்கரும் அது இருக்கும் அறையும், இவற்றின் வித்தியாசம்தான் காதில் கேட்கும். கூடுதல் பணம் இருந்தால் அங்கே போடுங்கள். சர்வரால் வருகிற உண்மையான ஒலிப் பிரச்சினை ஃபேனின் இரைச்சலும் ஹார்டு டிஸ்க்கின் முனகலும்தான். ராத்திரி அமைதியில் மெல்லிய வீணை கேட்கும்போது அந்த முனகல் எரிச்சலைக் கிளப்பும். அதனால் ஃபேன் இல்லாத பெட்டி, உள்ளே எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, சத்தமில்லாத டிஸ்க்), அல்லது சத்தம் போடும் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு நெட்வொர்க் வழியாகக் கேட்பது. சிடி தரத்து ஃப்ளாக்குக்கு நொடிக்குச் சுமார் 1 எம்பிட் போதும், சாதாரண நெட்வொர்க் கேபிளே அதைப் போல நூறு மடங்கு சுமக்கும், விசேஷக் கேபிள் எதுவும் வேண்டாம்.

உங்கள் ஆம்ப்ளிஃபையரில் டிஏசி இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மாடல் தேட வேண்டும். புளூசவுண்ட் வால்ட் 2i மாதிரிப் பெட்டியில் டிஏசி உள்ளேயே உண்டு, நேராக ஆம்ப்ளிஃபையரில் செருகலாம். நெய்ம் யூனிட்டி கோரில் அனலாக் அவுட்புட்டே கிடையாது, டிஜிட்டலாகத்தான் கொடுக்கும், டிஸ்க்கையும் தனியாக வாங்கிப் போட வேண்டும். தனி யுஎஸ்பி டிஏசி வைத்திருந்தால் அது லினக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்யுமா என்று பாருங்கள், இந்தப் பெட்டிகளில் பல உள்ளுக்குள் லினக்ஸ்தான்.

ஆப் விஷயத்தில் நிதானம் தேவை, ஏனென்றால் தினமும் கையில் இருக்கப்போவது அதுதான். ரூன் என்ற பாட்டு மென்பொருள் அழகானது, கலைஞர் விவரம், ஆல்பங்களுக்கு இடையே உள்ள தொடர்பு என்று தேடித் தேடிப் படிக்க வைக்கும், ஆனால் மாதக் கட்டணமோ ஆயுள் கட்டணமோ கட்ட வேண்டும், அதில் செய்யும் திருத்தங்களும் ஃபைலில் எழுதப்படாமல் அதன் டேட்டாபேஸில்தான் இருக்கும். என் கதையைப் படித்த பிறகு நான் ஏன் தயங்குகிறேன் என்று தெரிந்திருக்கும். இன்னொரு பக்கம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பிளேயர் பெட்டியின் வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்லிம் டிவைசஸ் என்ற நிறுவனம் தொடங்கியது, 2006இல் அந்த நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது, 2012இல் தயாரிப்பை நிறுத்தியது, 2024இல் அதன் இணையச் சேவையையும் மூடியது. ஆனால் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் அதை விடவில்லை, இன்றைக்கு லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது, அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. நிறுவனம் கைவிட்ட பிறகும் ஒரு பொருள் பாடுவது எனக்குப் பெரிய விஷயம்.

இப்போது என்னிடம் இருப்பதும் அதுதான்: ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, அதில் பைகோர்பிளேயர் என்ற பாட்டு மென்பொருள், அதன்மேல் லிரியன், ஒரு யுஎஸ்பி எஸ்எஸ்டி, பழைய டிஏசி. அமைக்க ஒரு மாலை பிடித்தது. கட்டளை எதுவும் தட்டிப் பழக்கமில்லை, வாங்கியதும் பாட வேண்டும் என்றால் உங்களுக்கு வால்ட் வகைப் பெட்டியோ, இன்னுவோஸ் போன்ற ஒன்றோ பொருத்தமாக இருக்கும், அதில் தப்பே இல்லை, மேலே சொன்ன முதல் கேள்வியை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள்.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு தனி டிஸ்க் வாங்கி முழு நகல் எடுத்து வையுங்கள். பெட்டிக்குள் ரெய்டு என்று இரண்டு டிஸ்க் இருப்பது இதற்கு ஈடாகாது, தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

பெட்டி வந்ததும் 600 சிடியையும் ஏற்ற உட்காராதீர்கள், பத்து போதும். அதில் ஒன்று கச்சேரி ஒலிப்பதிவாக இருக்கட்டும், ஒரு ட்ராக் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கைதட்டல் அறுந்துபோனால் அந்தப் பெட்டிக்கு இடைவெளியில்லாமல் பாடத் தெரியவில்லை என்று அர்த்தம். இன்னொன்று பல பாடகர்கள் பாடிய தொகுப்பு, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' டேக்கைச் சரியாகக் கையாளாத சர்வர் அதைப் பன்னிரண்டு ஆல்பமாகப் பிரித்துப் போடும். ஒரு பாட்டுக்குத் தமிழ் எழுத்தில் டேக் போட்டு, ஆப்பில் தேடினால் கிடைக்கிறதா, பெட்டியின் சின்னத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் பத்து ஆல்பத்தையும் நெட்வொர்க் வழியாக ஒரு கணினிக்கு நகல் எடுத்து, அங்கே வேறு ஏதாவது பிளேயரில் திறந்து, பெயரெல்லாம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மீதி 590ஐயும் ஏற்றத் தொடங்கலாம், வராவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.