குவாண்டம் பல்துகள் ஆராய்ச்சிக்குப் பேப்பரும் பேனாவும் போதுமா?

"கோட்பாட்டு இயற்பியல்தானே, பேப்பரும் பேனாவும் போதாதா? பல்துகள் ஆராய்ச்சியில் அப்படி என்ன கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. முடிக்கப் போகிறீர்கள், வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் அங்கிருந்து வந்தவள்தான்.

பல துகள்கள் ஒன்றையொன்று பாதித்தபடி சேர்ந்து எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதுதான் பல்துகள் ஆராய்ச்சி. அதில் பேனா போதுமான இடங்கள் உண்டு. ஸ்பின் என்பதை அணுவில் இருக்கும் ஒரு குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வரிசையில் நின்று, பக்கத்து ஸ்பின்னோடு மட்டும் பிணைந்த ஸ்பின்களுக்கு 1931-லேயே இயற்பியலாளர் பெத்தே துல்லியமான விடை கண்டார். பக்கத்து ஸ்பின்னோடு உள்ள பிணைப்பில் சரிபாதி வலு அதற்கடுத்த ஸ்பின்னோடும் இருந்தால், ஸ்பின்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துவிடும் என்று 1969-ல் மஜும்தாரும் கோஷும் காட்டினார்கள். அந்தச் சரிபாதியிலிருந்து கொஞ்சம் நகர்ந்தால் கணினியிடம்தான் போகவேண்டும். அதுவும் சீக்கிரமே திணறும். ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் மேல், கீழ் என்று இரண்டு நிலை என்பதால், 20 ஸ்பின்னுக்கு 10,48,576 நிலைகள், 30 ஸ்பின்னுக்கு 100 கோடிக்கு மேல்.

ஆராய்ச்சியின் முதல் வருடம் நான் எழுதிய கணினி நிரலை, விடை தெரிந்த அந்த மஜும்தார்-கோஷ் சரிபாதிப் புள்ளியில், 16 ஸ்பின் வளையத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். பக்கத்துப் பிணைப்பை 1 என்று வைத்தால் மிகக் குறைந்த ஆற்றல் ஸ்பின் ஒன்றுக்கு −0.375 வரவேண்டும். வந்தது. ஆனால் வளையத்தில் ஜோடி சேர இரண்டு வழி இருப்பதால் அந்தக் குறைந்த ஆற்றலுள்ள நிலையும் (அடிநிலை) இரண்டு இருக்கவேண்டும். எனக்கு ஒன்றுதான் கிடைத்தது. மூன்று வாரம் வரி வரியாகத் தேடினேன். நிரலில் தப்பே இல்லை. நான் பயன்படுத்தியது லான்சோஸ் முறை; ஒரு தொடக்க வெக்டரிலிருந்து படிப்படியாக அடிநிலையை நெருங்கும் கணக்கு முறை அது. அதை ஒரே தொடக்க வெக்டரிலிருந்து ஓட்டினால், ஒரே ஆற்றலுள்ள இரண்டு நிலைகளும் கலந்த ஒன்றைத்தான் அது காட்டும். வளையத்தை ஓரிடம் நகர்த்தினால் நிலை எப்படி மாறுகிறது என்பதை வைத்து, மாறாமல் இருப்பது (உந்தம் 0) தனி, குறி மட்டும் மாறுவது (உந்தம் பை) தனி என்று பிரித்து ஓட்டினேன். இரண்டிலும் −0.375. இரவு இரண்டு மணிக்கு அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே" என்று யாராவது எழுதக்கூடும். இருக்கிறது, மறுக்கவில்லை. என் கைடுக்கும் தெரிந்திருக்கும். அவர் சொல்லாமல் விட்டதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அந்த மூன்று வாரமும் கையில் காசில்லை. உதவித்தொகை ஐந்து மாதம் பாக்கி. ஒரு கையெழுத்துக்காக ஃபைல் மேசை மேசையாக நின்றது. மெஸ் பில் கட்ட அம்மா வளையலை அடகு வைத்தார். ஸ்பின் கணக்கு புரியாமல் ஒருநாளும் அழுததில்லை, அந்த ஆபீஸ் வாசலில் அழுதிருக்கிறேன்.

நீங்கள் சேருங்கள். ஆனால் எங்கே சேர்ந்தாலும், பணம் மாதாமாதம் வருகிறதா என்று அங்கே படிக்கும் சீனியர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.