மருந்து அப்புறம், முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்: பெங்களூரு மாடித் தோட்டக் கேள்வி பதில்

மழை விட்டு நாலு நாள் ஆவதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. அல்சூரில் இந்த ஒரே மாடியில் பதினாலு வருடமாகச் செடி வளர்க்கிறேன். பாதிச் செடிகளைப் பூச்சி கொன்றது, மீதியை நான் அடித்த மருந்து கொன்றது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ராமமூர்த்தி நகர்: அக்கா, செம்பருத்தி நுனி முழுக்கப் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக இருக்கிறது. சோப்புத் தண்ணீர் அடித்தால் போகிறது, ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. என்ன செய்வது?

மாவுப்பூச்சி. ஊர்ப்பக்கம் கள்ளிப்பூச்சி என்பார்கள். அதன் மேல் இருக்கும் மாவு ஒருவித மெழுகு. மேலோட்டமாகத் தெளித்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. முதல் வேலை, சுருண்டு முறுக்கிக்கொண்ட நுனிகளை வெட்டிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுவது. உரக்குழிக்கு வேண்டாம். அடுத்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள்.

அப்புறம் எறும்பைத் தேடுங்கள். உங்கள் படத்தில் தண்டில் வரிசையாக ஏறுகிறது பாருங்கள். மாவுப்பூச்சி விடும் தேன் போன்ற கழிவுக்காக எறும்பு அதைப் பசுமாடு மாதிரி மேய்க்கிறது, செடிவிட்டுச் செடி தூக்கிக்கொண்டும் போகிறது. எறும்பு இருக்கும்வரை நீங்கள் அடிப்பதெல்லாம் வீண். தொட்டியைச் சுவரில் இருந்து தள்ளி வைத்து, தண்ணீர்த் தட்டின் நடுவில் செங்கல் போட்டு அதன்மேல் ஏற்றுங்கள். தட்டுத் தண்ணீரை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்க்க வேண்டியிருக்கும்.

இதற்குப் பிறகுதான் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயையும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளியையும் முதலில் குழைத்து, பால்போல் ஆனதும் தண்ணீர் விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் தெளிக்காதீர்கள், இலை கருகும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம், சாயந்திரம் மட்டும். ஒரு சித்திரை மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு அடித்து, நாலு பீர்க்கங்கொடியை ஒரே நாளில் அப்பளமாக்கியவள் நான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். அந்தப் பஞ்சுக் கூட்டத்தில் கொஞ்சம் பெரிதாக, நீளமான மெழுகு இழைகளோடு, சுறுசுறுப்பாக ஓடுகிற வெள்ளைப்புழு இருந்தால் விட்டுவிடுங்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் குஞ்சு. 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேஷம் அப்படியே மாவுப்பூச்சிதான், தின்பதும் மாவுப்பூச்சியைத்தான். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து நான் எத்தனையைக் கசக்கியிருப்பேனோ!

கம்மனஹள்ளி: எங்கள் பப்பாளியிலும் அதே வெள்ளை. மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டிவிடலாமா?

கோடாலியை எடுக்கும் முன் ஒரு லென்ஸ் எடுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை, மருந்து அடித்து ஓய்ந்தார்கள். 2010-இல், மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மூன்று வகைக் குட்டிக் குளவிகளைப் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்து நம் பெங்களூரு ஹெப்பாளில் இருக்கும் பூச்சி ஆய்வு மையத்தில் பெருக்கிப் பரப்பினார்கள். அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்று கொசுவைவிடச் சிறியது, அதுதான் கதையை மாற்றியது. உங்கள் மரத்தில் சில பூச்சிகள் உப்பிப் பழுப்பாகி, மேலே ஊசித்துளை இருந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் மட்டும் பீய்ச்சுங்கள், மருந்து வேண்டாம்.

மாரத்தஹள்ளி: மிளகாய் இலை சுருண்டுவிட்டது. வைரஸா?

எந்தப் பக்கம் சுருண்டது என்று எழுதவில்லையே தம்பி! மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்த்த படகு மாதிரி வளைந்து, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினால் இலைப்பேன் மஞ்சள் கீற்றாக ஓடும். அதற்கு வேப்பெண்ணெய் போதும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 3 கிராம், வெயில் குறைந்த வேளையில். இரண்டையும் அடுத்தடுத்து அடிக்காதீர்கள், நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

அதே பகுதி, இன்னொருவர்: தக்காளியிலும் சுருட்டை, செடி குட்டையாகவே நிற்கிறது.

இது வைரஸ்தான். இலைச்சுருள் நோய், பரப்புவது வெள்ளை ஈ. மருந்து கிடையாது, பிடுங்கிவிடுங்கள். "பூ விட்டிருக்கிறதே" என்று மனசு கேட்காது, தெரியும். ஆனால் அந்தச் செடி நிற்கிற ஒவ்வொரு நாளும் வெள்ளை ஈ அதிலிருந்து பக்கத்துச் செடிக்குப் போகும். அடுத்த முறை நாற்றை நைலான் வலைக்குள் வளர்த்து, ஒரு மாதம் ஆனதும் வெளியே எடுங்கள். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் ரகம் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். வீரிய ஒட்டு ரகம் என்பதால் பழத்திலிருந்து விதை எடுத்து வைப்பதில் பயனில்லை.

ஹொரமாவு: பக்கத்துக் காலி சைட்டில் வெள்ளைப் பூச்செடி ஆளுயரம் வளர்ந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் தும்மல். உரிமையாளர் துபாயில் இருக்கிறாராம். நாங்களே பிடுங்கலாமா?

பார்த்தீனியம். பக்கத்து வீட்டுக்காரர்கள் "காங்கிரஸ் கிட", அதாவது காங்கிரஸ் செடி, என்று கன்னடத்தில் சொல்லியிருப்பார்கள். அனுமதி கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு, பூ வரும் முன். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், பூத்தபின் பிடுங்கி உதறினால் நீங்களே விதைத்த மாதிரி. கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். தோலில் பட்டால் அரிப்பு வருஷக்கணக்கில் விடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்துமா இருப்பவர் பக்கத்திலேயே வர வேண்டாம்.

இலைகளை யாரோ சல்லடையாக்கியிருந்தால், கறுப்புக் கோடு போட்ட வெளிர்நிறக் குட்டி வண்டைத் தேடிப் பாருங்கள். பார்த்தீனியத்தைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து, 1984-இல் இந்தியாவில் முதலில் பெங்களூரில்தான் விட்டார்கள். மழைக்காலத்தில் நன்றாகத் தின்னும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் தூங்கிவிடும், செடி மறுபடி தலைதூக்கும்.

சிவாஜி நகர்: தொட்டியில் களை. பிடுங்கப் பிடுங்க வருகிறது. உப்பும் வினிகரும் ஊற்றலாமா?

தொட்டியில் உப்பா? அப்புறம் களையும் வராது, கத்தரியும் வராது. படத்தில் மூன்று வகை தெரிகிறது. முக்கோணத் தண்டு உள்ளது கோரை. மண்ணுக்குள் கிழங்குகள் மணிமாலை மாதிரி கோத்திருக்கும், மேலே கிள்ளினால் அது சிரிக்கும். தொட்டியைக் கவிழ்த்து மண்ணைச் சலிப்பது ஒன்றே வழி. மூன்று இதய வடிவ இலை உள்ளது புளியாரை. காய் வெடிக்கும் முன் எடுங்கள். மூன்றாவது, சதைப்பற்றுத் தண்டோடு படர்வது, களையே இல்லை என்பேன். பருப்புக்கீரை. கிள்ளிப் பார்த்துப் பால் வந்தால் அது வேறு செடி, தொடாதீர்கள். பால் வராவிட்டால் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள்.

ஒயிட்ஃபீல்டு: கைப்பிடி அளவு நத்தைகள்! மதில் சுவரில்கூட ஏறுகின்றன. எதற்குச் சுவர்?

ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும், அதனால் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டும். இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் யாரோ ஒருவர் மொரிஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டதன் பலனை இன்னும் நாம் அனுபவிக்கிறோம். ராத்திரி நனைந்த சாக்கை விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலையும் பப்பாளி இலையும் போடுங்கள். விடிவதற்குள் எல்லாம் அங்கே கூடியிருக்கும். வெறும் கையால் தொடவே கூடாது, மூளையைத் தாக்கும் ஒரு புழுவை இது சுமக்கும். இடுக்கியால் எடுத்துக் கெட்டியான உப்புக் கரைசல் உள்ள பக்கெட்டில் போட்டு, பிறகு ஆழமாகப் புதையுங்கள். மண்ணில் உப்பைத் தூவ வேண்டாம். தோட்டத்துக் கீரையைப் பச்சையாகச் சாப்பிடுவதையும் மழை முடியும்வரை நிறுத்துங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: பாகல் பிஞ்சு மஞ்சளாகி உள்ளே புழு.

பழ ஈ. பிஞ்சு விட்டதும் காகிதப் பை கட்டுங்கள். விழுந்ததைப் புதையுங்கள். கியூலூர் என்ற ஈர்ப்பு மருந்து வைத்த பொறி வாங்குங்கள், மாமரத்துப் பொறி இதற்கு ஆகாது.

கே.ஆர். புரம்: கத்தரி மதியம் வாடி, சாயந்திரம் நிமிர்கிறது. தண்ணீர் சரியாகத்தான் விடுகிறேன். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. அவரை வேரிலும் முடிச்சு இருக்கிறது. இரண்டையும் எறிந்துவிடட்டுமா?

கத்தரியை மட்டும் எறியுங்கள். அது வேர்முடிச்சு நூற்புழு, வேரே வீங்கியிருக்கும், முடிச்சு தனியாகக் கழன்று வராது. அவரையில் இருப்பது வேரின் பக்கவாட்டில் மணிபோல் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துத் தரும் பாக்டீரியா. அவரை என்றால் உயிரை விடும் பெங்களூரில் இருந்துகொண்டு அதை எறிகிறேன் என்றால் ஊரே சண்டைக்கு வரும்.

என் மாடிக்கு நூற்புழு வந்தது ஒரு நர்சரி நாற்றின் மண்ணோடு. கடைக்காரர் பேரில் பழி போட்டு என்ன பயன், வேரைப் பார்க்காமல் நட்டது நான். பங்குனி, சித்திரை வெயிலில் மண்ணை நனைத்து, கண்ணாடிபோல் தெரியும் பாலித்தீனால் மூடி ஆறு வாரம் வெந்துபோக விட்டேன். பிறகு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு பருவம் செண்டுமல்லி நட்டேன். முழுதாகப் போகவில்லை, ஆனால் கத்தரி காய்க்கிறது.

பானஸ்வாடி: மல்லிகைத் தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. எந்தப் பூச்சி இது?

பூச்சியே இல்லை. போர்வெல் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் மண் காரமாகி, இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடிவதில்லை. அன்னபேதி உப்பு (இரும்பு சல்ஃபேட்) லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து இலையில் தெளியுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது. அடி இலையில் மஞ்சள் தொடங்கினால் இது பொருந்தாது, அதற்குத் தழைச்சத்தைப் பாருங்கள்.

மர்ஃபி டவுன்: கறிவேப்பிலையில் காக்கை எச்சம் மாதிரி ஏதோ. தொட்டால் சிவப்பாகக் கொம்பு நீட்டுகிறது, குழந்தை பயந்து அழுதுவிட்டாள்.

வண்ணத்துப்பூச்சிப் புழு. கொம்பு வெறும் மிரட்டல், கொஞ்சம் நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான். பெரிய மரமானால் விடுங்கள். தொட்டிச் செடியானால் ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும், எலுமிச்சை மரம் எதிலாவது கொண்டுபோய் விடுங்கள், அதுவும் அதற்கு ஆகாரம்தான். ஒன்றே ஒன்றை மட்டும் டப்பாவில் நாலு இலையோடு குழந்தையிடம் கொடுத்து, தினம் புது இலை போடச் சொல்லுங்கள். நாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் இலையை அது எப்படித் தின்கிறது என்று அவளே பார்க்கட்டும்.