துருப்பிடித்த செசியும் தொலைந்த இலக்கமும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருடைய தந்தையார் கல்லோயா அபிவிருத்திச் சபையில் லாண்ட் ரோவர் ஓட்டியவர். அந்த நினைவில் இவரும், 2 வருடமும் 8 மாதமும் முன்னர், மனைவி வழியில் மைத்துனர் முறையான அக்கரைப்பற்று வியாபாரி ஒருவரிடம், இராணுவம் கேள்விப்பத்திரம் மூலம் விற்றுக் கழித்த சீரிஸ் 3 லாண்ட் ரோவர் ஜீப் ஒன்றை 16 இலட்சம் ரூபாவுக்கு வாய்ப்பேச்சில் வாங்கி, மேலும் 7 இலட்சம் செலவழித்துத் திருத்தியிருக்கிறார். வாகனப் புத்தகம் குருநாகலைச் சேர்ந்த ஒருவரின் பெயரில் இருக்கிறது. உடைமை மாற்றத்தை அறிவிக்கும் எம்.ரி.ஏ. 6 படிவம், அவர் கையெழுத்திட்டு, திகதியிடாமல், கையில் இருக்கிறது. அவர் காலமாகி ஒன்றரை வருடமாகிறது. பெயர் மாற்றப் போன இடத்தில் வாகனப் பரிசோதகர் செசியில் (வாகனத்தின் அடிச்சட்டத்தில்) பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பை நிறுத்தினார். இப்போது ஜீப் பொலிஸ் நிலைய வளவில் மழையில் நனைகிறது, நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் விசாரணை பற்றிக் கொடுத்த பி அறிக்கை இருக்கிறது. மைத்துனர் 10 இலட்சம் தந்து விடயத்தை முடித்துக்கொள்ள விரும்புகிறார். பரிசோதகர் மீதும் பொலிஸார் மீதும் வழக்குத் தொடரலாமா, ஜீப்பை மீட்கலாமா, மைத்துனரிடம் முழு 23 இலட்சத்தையும் வாங்கலாமா என்பன வாசகரின் கேள்விகள்.

ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் நீங்கள் அவமதிக்கப்பட்ட கதை. பரிசோதகர் உங்களை நிற்க வைத்துப் பேசியதும், ஊரார் பார்க்க ஜீப்பை இழுத்துச் சென்றதும் மனதை வருத்தும் விடயங்கள்தான். அவற்றால் உங்கள் வழக்கு ஓர் அங்குலமும் நகராது. மூன்றாம் பக்கத்தின் நடுவில், போகிற போக்கில், நீங்கள் எழுதிய ஒரு வரியே முழு விவகாரமும்: “செசி உக்கிப் போனதால் கராஜ்காரத் தம்பி அம்பாறைப் பக்கமிருந்து ஒரு பழைய இராணுவ ஜீப்பின் செசியை எடுத்துப் பூட்டி, புத்தகத்தில் உள்ள நம்பரையே அதில் குத்தித் தந்தார்.” இந்த ஒரு வரியில் நீங்கள் குற்றமாகவே கருதாத மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன: அனுமதியின்றிச் செசியை மாற்றியது, தாள் இல்லாத இராணுவச் செசியைப் பூட்டியது, அதில் வேறு இலக்கத்தைக் குத்தியது.

லாண்ட் ரோவரைத் தெரிந்தவர்களுக்கு இதன் சோகம் விளங்கும். அதன் உடல் அலுமினியக் கலவையால் ஆனது, எத்தனை மாரி கண்டாலும் துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் செசியோ பெட்டி வடிவ இரும்பு. வயல் சேறு உள்ளே தங்கி, வாவிக்கரை உப்புக்காற்றும் சேர, உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். செசி இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பதோ அந்த இரும்பின் வலது முன்புறத்தில், ஸ்பிரிங் தகடு பூட்டும் கொம்பில். ஆகவே, சட்டம் எந்தத் துண்டைப் பார்த்து ‘இது அந்த வாகனம்’ என்று சொல்கிறதோ, அந்தத் துண்டுதான் முதலில் உக்குகிறது. வாகனப் புத்தகமும் இலக்கத் தகடும் அந்த உடலும் அப்படியே இருக்க, செசி மாறிவிட்டால், சட்டத்தின் கண்ணில் உங்கள் வளவில் நின்றது புத்தகத்தில் உள்ள ஜீப் என்று கூற எதுவும் மிஞ்சுவதில்லை.

நீங்கள் அனுப்பிய செசி இலக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு 8கள் இருக்கின்றன. ஒன்று மற்றதைவிட ஆழமாகவும் சற்றே சரிந்தும் விழுந்திருக்கிறது. சுற்றிலும் அரைத்த கல்லின் வட்டக் கீறல்கள் பச்சைப் பெயின்றுக்கு அடியில் தெரிகின்றன. எனக்கே தெரிவது பரிசோதகருக்குத் தெரியாமல் போகுமா? அத்துடன், அரைத்து அழித்த இலக்கம் பெரும்பாலும் முற்றாக அழிவதில்லை. முன்பு குத்திய அழுத்தம் இரும்பின் உள்ளே தங்கியிருக்கும், அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அமிலம் பூசி அதை மேலே கொண்டுவருவார். அந்த அறிக்கை வரும் நாளில், அந்தச் செசியின் பழைய இலக்கம் எந்த வாகனத்துக்குரியது என்பதும் தெரிந்துவிடும். செசி உக்கினால் முன்கூட்டியே மோட்டார் வாகனப் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு எழுதி, பரிசோதனைக்குக் காட்டி, அனுமதி பெற்று மாற்றியிருக்க வேண்டும். அந்தக் கதவு இப்போது மூடிவிட்டது.

இனி ஆபத்தைச் சொல்கிறேன். நீங்கள் இதை மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஒரு தண்டப்பணத்தோடு முடியும் காரியம் என்று நினைக்கிறீர்கள். அந்த எண்ணத்தோடு என்னிடம் வந்த பலரை நான் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, அந்தச் செசி எங்கிருந்து வந்தது? இராணுவம் முறைப்படி விற்றுக் கழித்த வாகனத்தினுடையதானால், கேள்விப்பத்திரத்தில் எடுத்தவருக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டும் வாகனத்தை விடுவித்த கடிதமும் இருக்கும். “அம்பாறைப் பக்கமிருந்து எடுத்தது” என்பதைத் தவிர உங்களிடம் எந்தத் தாளும் இல்லை. தாள் இல்லாத இராணுவச் செசியை அரசாங்கத்தின் சொத்து என்று எவராவது எழுதிவிட்டால், விடயம் 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் மீதான தவறுகள் சட்டத்துக்குள் போய்விடும். அங்கே பெறுமதி சட்டம் குறித்த தொகைக்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தர் ஒருவர் அத்தாட்சிப்படுத்தினால், விதிவிலக்கான காரணம் காட்டாமல் நீதவானிடம் பிணை கிடையாது. இந்த வயதில், நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொண்டு, விளக்கமறியலில் இருந்தபடி உங்கள் நேர்மையை நிரூபிக்க நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாவது ஆபத்து சுங்கம். செத்துப்போன ஒரு வாகனத்தின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, உதிரிப்பாகங்களாக இறக்கிச் சேர்த்துப் பூட்டிய இன்னொரு வாகனத்தை ஓட்டுவது நம் நாட்டில் பழைய மோசடி. உங்கள் ஜீப் அப்படியானதல்ல என்று நான் நம்புகிறேன். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சுங்கம் கைப்பற்றினால், முறைப்படி இறக்குமதியானது, தீர்வை கட்டப்பட்டது என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு அந்தச் சுமையை உரிமை கோருபவரின் தோளில்தான் வைக்கிறது. பலர் விழும் குழி அதன் பிறகு வருகிறது. 154ஆம் பிரிவின்படி, கைப்பற்றிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உரிமை கோருவதாக எழுத்தில் அறிவித்துப் பிணைப்பணமும் கட்டாவிட்டால், வாகனம் தானாகவே பறிமுதலானதாகக் கருதப்படும். நீதவான் நீதிமன்றத்தில் அடுத்த தவணை இரண்டு மாதம் கழித்து இருக்கிறதே, அதுவரை எதுவும் நடக்காது என்று வீட்டில் இருந்தவர்கள், தவணைக்குப் போன நாளில் வாகனம் ஏற்கெனவே அரசாங்கத்தினுடையது என்று அறிந்திருக்கிறார்கள். சுங்கத்திடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தாலும், அதே நாளில் சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள்.

உங்கள் குறைகளில் ஒன்றை மட்டும் நான் ஒதுக்கவில்லை. பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டாமலே உங்களிடம் கையெழுத்து வாங்கியதாகச் சொல்கிறீர்கள். அதை அவமானமாக எழுதாமல், திகதி, நேரம், உடனிருந்தவர் ஆகிய விபரங்களோடு இன்றே ஒரு தாளில் குறித்து உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது நீங்கள் கேட்டுப் பெறவேண்டிய சலுகை அல்ல, உங்கள் உரிமை. பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதல், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி உங்களுக்கு எதிராக நிரூபிக்கப்பட முடியாது. சுங்க உத்தியோகத்தரிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அவர்கள் அழைத்தால், “நான் தவறு செய்யாதவன், எனக்கென்ன பயம்” என்று தனியே போகவேண்டாம். தவறு செய்யாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

கையில் உள்ள எம்.ரி.ஏ. 6 படிவத்தைத் தொடாதீர்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு, வாகனம் வாங்குவது ஊர் வழக்கமாகிவிட்டது. உடைமை மாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை அந்த வழக்கம் மாற்றாது, அதற்கான தண்டப்பணத்தை நீங்கள் கட்டத்தான் வேண்டும், அது சிறு விடயம். பெரிய விடயம், யாரோ ஒருவர் உங்களுக்கு உதவி செய்வதாக அந்த வெற்றுத் திகதியில் கடந்த மாதத்தை எழுதிவிடுவது. அப்போது, ஒன்றரை வருடம் முன்னர் இறந்தவர் சென்ற மாதம் கையெழுத்திட்டதாக ஆகும். அதைக் கந்தோரில் நீட்டுபவர் போலி ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்தியவர். அந்தக் குற்றத்துக்கு வேறு எவரையும் கைகாட்ட முடியாது. கராஜ்காரரிடம் “செசி மாற்றவே இல்லை” என்று சத்தியக்கடதாசி வாங்கிவிடலாம் என்று உங்கள் மருமகன் சொன்ன யோசனையும் இதே இனத்தைச் சேர்ந்தது. கராஜ்காரத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவர் இந்த வழக்கில் உங்கள் பக்கத்தில் அமரவேண்டியவர் அல்லர், அவருக்கு வேறு சட்டத்தரணி வேண்டும். ஒரே சட்டத்தரணி இருவருக்கும் தோன்றினால், ஒருவரைக் காப்பாற்றச் சொல்லும் சொல் மற்றவரைக் கொண்டுபோய் மாட்டும்.

ஜீப்பை மீட்பது பற்றி. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 431ஆம் பிரிவின் கீழ் உடைமைக்கு உரித்துடையவர் என்று விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அது தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த விண்ணப்பத்தில் நீங்கள் எதை எழுதுவீர்கள்? உண்மையை எழுதினால், செசியை மாற்றி இலக்கம் குத்தியதை உங்கள் கையாலேயே பதிவு செய்கிறீர்கள். மறைத்து எழுதினால், பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும் நாளில் பொய்ச் சத்தியம் செய்தவர் ஆகிறீர்கள். அந்த அறிக்கை வரும்வரை விண்ணப்பிக்காமல் இருப்பதே என் ஆலோசனை. ஜீப் மழையில் கெடும் என்றால், கெடட்டும். அலுமினியம் எப்படியும் துருப்பிடிக்காது.

மைத்துனர் தருவதாகச் சொல்லும் 10 இலட்சத்தை வாங்குங்கள். 23 இலட்சம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அவர் விற்ற நாளில் செசியும் புத்தகமும் பொருந்தியிருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு உங்கள் செலவில், உங்கள் கராஜில் நடந்தது. நீதிமன்றத்தில் அவர் சொல்லப்போகும் முதல் வாக்கியம் அதுதான், அது உண்மையாகவும் இருக்கும். அவர் ஏன் பணம் தர முன்வருகிறார் என்றால், தன் பெயருக்கு மாற்றாமலே கைமாற்றிய ஓப்பன் பேப்பர் தன்னையும் இந்த வழக்குக்குள் இழுக்கும் என்ற பயம். இலக்கம் குத்தியவர் யார் என்பது தெளிவாகும் வரைதான் அந்தப் பயம் இருக்கும். அதற்குள் பணத்தை வாங்கினால் நீங்கள் 10 இலட்சத்தோடு வீட்டுக்குப் போவீர்கள். மேலும் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு வழக்கிட 3 வருடம்தான் காலம். உங்களுக்கு எஞ்சியிருப்பது 4 மாதம், அதுவும் இந்தச் சண்டையில் கரைகிறது.

உடன்படிக்கையை நீங்களும் அவரும் தேநீர்க் கடையில் எழுதிக்கொள்ளக் கூடாது. விற்பனை விலையில் ஒரு பகுதி திருப்பித் தரப்படுகிறது என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அதில் வேண்டாம். “முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன்”, “இனி பொலிஸில் எதுவும் சொல்லமாட்டேன்” என்ற வரிகள் அதில் இருந்தால், குற்றத்தை மூடி மறைக்கப் பணம் பெற்றவர் என்ற புதிய பழி உங்கள் மீது வரும். பணம் வங்கி மூலம் வரட்டும். புத்தகத்தையோ படிவத்தையோ பதிலுக்குக் கொடுக்க வேண்டாம், அவை வழக்கின் சான்றுப்பொருட்கள்.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்று இருக்கிறது. உக்கிய பழைய செசி இன்னும் கராஜின் பின்புறம் வேலியோரத்தில் கிடப்பதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், “அதை இரும்புக்காரனுக்குப் போட்டுவிடச் சொல்லவா” என்றும் கேட்கிறீர்கள். போடவேண்டாம். புத்தகத்தில் உள்ள ஜீப் உண்மையிலேயே இருந்தது, நீங்கள் செத்த புத்தகத்தை வாங்கியவர் அல்லர் என்பதற்கு உலகில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த இரும்பு. வலது முன் கொம்பில் இலக்கம் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தால், அதைக் கழுவாமல், சுரண்டாமல், பெயின்ற் பூசாமல் இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். தார்ப்பாயால் மூடுங்கள். நீங்களாகக் கொண்டுபோய்ப் பொலிஸ் வாசலில் வைக்காமல், உங்கள் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்துக்கு அறிவித்து, ஜீப்போடு சேர்த்துப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பும்படி கட்டளை கேளுங்கள். இரும்பு வியாபாரியின் லொறி உங்கள் பக்கத்துக்கு எந்த நாளில் வரும் என்பது எனக்குத் தெரியாது. இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் கராஜ்காரருக்குத் தொலைபேசி எடுங்கள்.