சிரிக்கிற பையன் ராணுவத்துக்கு ஆகாதா?

கேள்வி: என் மகன் முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு (என்.டி.ஏ.) தேர்வாகி, அடுத்த மாதம் புனே பக்கத்தில் உள்ள கடக்வாஸ்லாவுக்குப் போகிறான். எந்நேரமும் சிரிப்பும் கிண்டலும்தான். "அங்கே பல்லைக் காட்டினா தோலை உரிச்சிருவாங்க, இப்பவே முகத்தை இறுக்கமா வச்சுப் பழகு" என்று கண்டித்து வருகிறேன். சரிதானே?
– ஒரு தந்தை, திருமங்கலம்

பதில்: சரியில்லை. அணிவகுப்பில் சிரிக்கக் கூடாது என்பதை அங்குள்ள உஸ்தாத் (டிரில் பயிற்சியாளர்) முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார். அதற்கு வீட்டில் தனி வகுப்பு வேண்டாம். மூன்று வருடப் பயிற்சியில் அவனுக்கு மிகவும் தேவைப்படப் போவதையே நீங்கள் பிடுங்கப் பார்க்கிறீர்கள்.

ஒருநாள் விடியற்காலையில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ராணுவ ஆள்சேர்ப்புக்காகப் பையன்கள் 1600 மீட்டர் ஓடிப் பழகுவார்கள். கடைசிச் சுற்றை முடித்த ஒருவன் குனிந்து வாந்தி எடுப்பான். முன்னால் ஓடி முடித்தவன், "என்ன மாப்ள, ராத்திரி தின்ன புரோட்டாவா?" என்று முதுகைத் தட்டி, கையைப் பிடித்து நடக்க வைப்பான். வாந்தி எடுத்தவனும் சிரித்துவிடுவான். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, அடுத்த ஓட்டத்துக்கு வந்து நிற்பான்.

அமெரிக்க உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சன் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர். கேமரா முன்னால் பேச வேண்டும் என்று சொல்லி மாணவர்களைப் பதற வைத்தார்கள். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. பிறகு பேச வேண்டாம் என்று சொல்லி, சிறு படக்காட்சிகளைக் காட்டினார்கள். இதமான காட்சியும் வேடிக்கையான காட்சியும் பார்த்தவர்களின் உடல் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்தது. சோகக் காட்சி பார்த்தவர்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மிஷெல் டுகேடுடன் சேர்ந்து அவர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் முக்கியம். மனஉறுதி மிக்கவர்களும் மற்றவர்களைப் போலவேதான் பதறினார்கள். ஆனால் சீக்கிரம் தணிந்தார்கள். அந்தப் பதற்றத்துக்கு நடுவிலும் அவர்களிடம் ஆர்வமும் உற்சாகமும் இருந்தது ஒரு காரணம் என்கிறார்கள்.

அவை கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனைகள்தாம். ஆனால் விடியும் முன்னே பி.டி., பிறகு டிரில், வகுப்பு, நடுவில் தண்டனையாக வரும் 'ரகடா' என்று ஓடும் கேடட்டுக்கு (பயிற்சி மாணவனுக்கு), ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் உடம்பு தணிவது எவ்வளவு அவசியம் என்று யோசியுங்கள்.

அதற்காக, "எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருடா" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அதுவும் முகத்தை இறுக்கச் சொல்வது போன்ற கட்டளைதான். பூட்ஸ் காலோடு ஓடி ஓடி எலும்பில் நுண்விரிசல் விழுவது பயிற்சியில் சகஜம். படைவீரர்களின் பாத வலியை, வீக்கத்தை ஒரு பிரஷ்ய ராணுவ மருத்துவர் 1855-லேயே எழுதி வைத்திருக்கிறார். அந்த வலியைச் சிரிப்பால் மூடிக்கொண்டு ஓடினால் விரிசல் முறிவாகும், பயிற்சியில் ஒரு டெர்மே (பருவமே) வீணாகலாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் போனாலும் சிரிப்பால் மூடி மறைக்கக் கூடாது. மருத்துவரிடம் போவது கோழைத்தனம் இல்லை என்று அவன் கிளம்பும் முன் உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்களை மாதிரிக் கண்டிப்பான அப்பா சொன்னால்தான் அவன் நம்புவான்.

அவன் போனில் பேசும்போது எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள். யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறான், எதற்குச் சிரித்தான், கால் வலிக்கிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் "ம், நல்லாருக்கேன்பா" என்று மட்டும் பதில் வந்தால், போனை வைக்க விடாமல் இன்னொரு முறை கேளுங்கள்.